ஃபேனுக்கு மாற்றுக் கெபாசிட்டர் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன் முனகுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது. "கண்டன்சர் போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எதை வாங்குவது, பெரிய எண் வாங்கினால் வேகம் கூடுமா, பழையதில் எழுத்தே தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறிய பொருள்தான். ஆனால் தவறானதை மாட்டினால் நல்ல காயிலைக் கருக்கிவிடும். நான் பார்த்த காயில் கருகல்களில் சில தானாக வந்தவை அல்ல. நல்லது செய்வதாக நினைத்து யாரோ மாட்டிய பெரிய கெபாசிட்டரால் வந்தவை.

கண்டன்சர், கெபாசிட்டர், மின்தேக்கி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். கண்டன்சர் என்பது பழைய பெயர், பழுதுபார்ப்பவர்கள் வாயில் இன்றும் அதுதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மின்தேக்கி. எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் புரிந்துகொள்வார்கள்.

ஃபேனுக்கு எதற்குக் கெபாசிட்டர்? அது இல்லாமல் ஓடாதா?

கால்மிதி வைத்த தையல் மிஷினை நினைத்துப் பாருங்கள். சக்கரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சுற்றாது. கையால் சக்கரத்தை லேசாகத் தள்ளிக் கொடுத்தால் ஓட ஆரம்பிக்கும். பின்பக்கமாகத் தள்ளிவிட்டால் பின்பக்கமாகவே ஓடும்.

ஒரே ஒரு காயிலை மட்டும் வைத்து ஒற்றை ஃபேஸ் மின்சாரம் கொடுத்த ஃபேன் மோட்டாரும் அப்படித்தான். காந்தப்புலம் ஒரே கோட்டில் கூடிக் குறைகிறதே தவிர, சுற்றுவதில்லை. எந்தப் பக்கம் போவது என்ற உந்துதல் மோட்டாருக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் மோட்டாருக்குள் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு வைண்டிங் (காயில் சுற்று) வைத்து, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு தொடராகக் கெபாசிட்டரை இணைக்கிறார்கள். கெபாசிட்டர் அந்த வைண்டிங்கின் மின்னோட்டத்தை ஏறக்குறைய கால் சுற்று முன்னே நகர்த்துகிறது. இரண்டு வைண்டிங்கும் மாறி மாறி இழுக்கும்போது புலம் சுற்றத் தொடங்குகிறது, கூடவே ரோட்டரும் (மோட்டாரின் சுழலும் பாகம்) சுற்றுகிறது.

ஸ்டார்ட்டிங் என்ற பெயரைப் பார்த்து, ஃபேன் கிளம்பியதும் கெபாசிட்டரின் வேலை முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஃபேன் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் அது சுற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் அது பலவீனமானால் கிளம்புவது மட்டுமல்ல, வேகமும் குறைகிறது.

கெபாசிட்டர்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, றெக்கையைக் கையால் மெதுவாகச் சுற்றி விடுங்கள். சத்தமில்லாமல் பல சுற்று ஓடித் தானாக நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. இரண்டு சுற்றிலேயே இறுகி நின்றாலோ, கரகரவென்று உரசினாலோ கெபாசிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேரிங் நன்றாக இருந்து, சுவிட்ச் போட்டதும் ஃபேன் முனகி, ஆனால் கிளம்பாமல், நீளமான ஒரு மரக்குச்சியால் றெக்கையைத் தள்ளியதும் ஓட ஆரம்பித்தால் கெபாசிட்டர் மேல் சந்தேகம் வலுக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடினால், ஸ்டார்ட்டிங் வைண்டிங் வழியாக மின்சாரமே போகவில்லை என்று அர்த்தம். கெபாசிட்டர் முழுதாகப் போயிருக்கலாம், அதன் வயர் கழன்றிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டிங் காயிலே அறுந்திருக்கலாம். முனகலே இல்லாமல் ஃபேன் செத்தது போல் இருந்தால் முதலில் சுவிட்ச், ரெகுலேட்டர், வயர் இணைப்புகளைப் பாருங்கள்.

உறுதியான பதில் மல்டிமீட்டரில்தான் கிடைக்கும். கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி உள்ள மீட்டராக இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து (உள்ளே தங்கிய மின்னூட்டத்தை வடித்து, முறை கீழே இருக்கிறது), ஒரு வயரையாவது கழற்றிய பிறகு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் காயிலும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். கெபாசிட்டரின் கொள்ளளவை மைக்ரோஃபாரட் என்ற அலகில் சொல்வார்கள். 2.5 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 2.375 முதல் 2.625 வரை காட்ட வேண்டும். 2.2க்குக் கீழே போயிருந்தால் நான் மாற்றிவிடுவேன்.

பழைய கெபாசிட்டரில் எதையெதைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

கழற்றியதும் துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மை மங்கியிருந்தாலும் அச்சின் தடம் தெரியும். கழற்றும் முன்பே கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எழுத்துக்கு, இன்னொன்று வயர் இணைப்புக்கு.

முதல் எண் மைக்ரோஃபாரட். சீலிங் ஃபேன்களில் அதிகம் பார்ப்பது 2.5. 2.25, 3.15, 3.5, 4 என்றும் வரும். மேஜை ஃபேன்களில் இதைவிடக் குறைந்த எண்களும் உண்டு. அடுத்தது வோல்ட், பக்கத்தில் ஏசி (மாறுமின்சாரம்) என்றோ அலைக்குறியோ இருக்கும். மூன்றாவது விலகல் அளவு, கூட்டல் கழித்தல் 5 சதவீதம் அல்லது 10 சதவீதம். நான்காவது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். கடைசியாக வெப்பநிலை. 25/85/21 என்று மூன்று எண் கோடு போட்டு எழுதியிருந்தால், உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரப்பதச் சோதனை 21 நாள் என்று பொருள்.

சிபிபி 61 என்று இருந்தால் அது சப்பையான பெட்டி வடிவம். சிபிபி 60 என்றால் உருளை. உள்ளே இரண்டிலும் இருப்பது உலோகம் பூசிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் பிலிம் சுருள்தான். மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தி, ஃபேன் கப்புக்குள் இடமும் இருந்தால் வடிவம் மாறுவதில் தவறில்லை.

எழுத்து முழுதாக அழிந்துவிட்டது. என்ன செய்வது?

மீட்டரில் காட்டும் அளவை அப்படியே நம்பி வாங்காதீர்கள். தேய்ந்துபோன கெபாசிட்டர் 1.6 காட்டினால், அது 1.5 ஆக இருந்து தேயாததா, 2.5 ஆக இருந்து தேய்ந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. மோட்டார் உடலில் ஒட்டிய தகட்டையும், ஃபேனோடு வந்த கையேட்டையும் பாருங்கள். வீட்டில் அதே மாடல் ஃபேன் இன்னொன்று இருந்தால் அதன் கெபாசிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் ஃபேன் தயாரிப்பாளரின் உதிரிபாகப் பட்டியலில் மாடல் எண்ணைக் கொடுத்துக் கேட்பதே சரி. "எல்லா ஃபேனுக்கும் 2.5 தான்" என்பது பல இடங்களில் சரியாக வந்துவிடும். ஆனால் அது விதி அல்ல.

2.5க்குப் பதில் 3.15 அல்லது 4 போட்டால் காற்று கூடுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தீங்கு செய்வதும் இதுதான்.

சில ஃபேன்களில் வேகம் கொஞ்சம் கூடவே செய்யும். மாட்டிய அன்று எல்லாரும் மகிழ்ந்துபோவார்கள். அந்த மகிழ்ச்சிக்கான விலையைக் காயில் கொடுக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 2.5 மைக்ரோஃபாரட் மின்னோட்டத்துக்குக் காட்டும் மறுப்பு சுமார் 1273 ஓம். 3.15 என்றால் அது சுமார் 1010 ஓமாகக் குறைகிறது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் மின்னோட்டம் தோராயமாகக் கால் பங்கு கூடும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அந்த வைண்டிங்கில் பிறக்கும் சூடு ஒன்றரை மடங்கைத் தாண்டும். 4 போட்டால் இரண்டரை மடங்கு. இது கெபாசிட்டரை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு. உண்மை மோட்டாரில் எண்கள் சற்று மாறினாலும் போகும் திசை இதுதான்.

ஸ்டார்ட்டிங் வைண்டிங் பெரும்பாலும் மெல்லிய கம்பியில் சுற்றப்பட்டது. அதன் எனாமல் பூச்சு வடிவமைத்த சூட்டுக்கு மேல் மாதக்கணக்கில் வெந்தால் நொறுங்கத் தொடங்கும். முதலில் மோட்டார் உடல் கை வைக்க முடியாமல் சுடும், பிறகு வார்னிஷ் வாடை வரும், ஒரு நாள் காயில் ஷார்ட் ஆகும். இதற்குப் பல மாதம் ஆவதால், கெபாசிட்டர் மாற்றியதுதான் காரணம் என்று யாருக்கும் நினைவு வராது. எங்கள் உறவினர் வீட்டு ஃபேன் ஒன்று இப்படித்தான் போனது. மோட்டாரைப் பிரித்தபோது ரன்னிங் வைண்டிங் செம்பு நிறம் மாறாமல் இருந்தது, ஸ்டார்ட்டிங் வைண்டிங் மட்டும் கறுத்துப் பொரிந்திருந்தது. கப்புக்குள் இருந்தது 4 மைக்ரோஃபாரட். மோட்டார் தகட்டில் 2.5 என்று தெளிவாகப் பொறித்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வேகம் கூடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. 14 காந்தத் துருவம் கொண்ட சீலிங் ஃபேன் மோட்டாரில் 50 ஹெர்ட்ஸுக்குக் காந்தப்புலமே நிமிடத்துக்கு சுமார் 428 சுற்றுதான் சுற்றும். ரோட்டர் அதைத் தாண்ட முடியாது. காற்றைத் தள்ளத் தேவையான சக்தியோ வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும், பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். கெபாசிட்டரைப் பெரிதாக்கி அதையெல்லாம் பெற்றுவிட முடியாது. காற்று போதவில்லை என்றால் றெக்கையின் சாய்வு, அதில் படிந்த தூசு, கூரைக்கும் ஃபேனுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள்.

அப்படியானால் குறைந்த எண் போடுவது பாதுகாப்பானதா?

காயில் கருகும் ஆபத்து குறைவு, ஆனால் ஃபேன் சோர்ந்துவிடும். குறைந்த வேகத்தில் வைத்தால் கிளம்பாமல் நிற்கலாம், நின்றபடி முனகும் மோட்டாரும் சூடாகத்தான் செய்யும். 2.5க்கு 2.25 கிடைத்தால் அவசரத்துக்குச் சமாளிக்கலாம், அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, 440 வோல்ட் கெபாசிட்டர் எதற்கு?

கெபாசிட்டரும் காயிலும் தொடராக இருக்கும்போது, கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே இருக்கும் வோல்ட் வீட்டு வோல்ட்டைவிட உயர்ந்துவிடும். இரண்டும் எதிரெதிர்த் தன்மை கொண்டவை, ஒன்றின் அழுத்தத்தை மற்றது ஓரளவு ஈடுகட்டுகிறது, அதனால் இப்படி நடக்கிறது. ஓடுகிற ஃபேனில் அது 300 வோல்ட்டை ஒட்டி வருவது சாதாரணம். மின்சாரம் ஏறி இறங்கும் நேரத்தில் இன்னும் கூடும். எனவே 230 வோல்ட் வீடுகளுக்கு 400 முதல் 450 வோல்ட் ஏசி வரை போட்டதுதான் சரி. 120 வோல்ட் வீடுகளுக்கான ஃபேன்களில் பெரும்பாலும் 250 வோல்ட் இருக்கும்.

மைக்ரோஃபாரடை மாற்றக் கூடாது, ஆனால் வோல்ட்டில் பழையதைவிட உயர்ந்தது வாங்கலாம். அதனால் வேகம் மாறாது, தாங்கும் சக்தி கூடும், அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். தாழ்ந்தது வாங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: 400 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்) என்று போட்டிருப்பது 400 வோல்ட் ஏசி ஆகாது. 230 வோல்ட் ஏசியின் உச்சமே சுமார் 325 வோல்ட். எலக்ட்ரானிக்ஸ் பலகைகளுக்கான டிசி கெபாசிட்டரை ஃபேனில் மாட்டினால் நெடுநாள் தாங்காது.

மின்னணுப் பலகையில் இருக்கும் உருளைக் கெபாசிட்டரைப் போடலாமா?

கூடவே கூடாது. அது எலக்ட்ரோலிட்டிக், பிளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டியது. ஏசியில் மாட்டினால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். மோட்டார் ஸ்டார்ட் வகைக் கெபாசிட்டரும் வேண்டாம், அது சில நொடிகள் வேலை செய்து விலகிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. ஃபேனுக்கு வேண்டியது மோட்டார் ரன் வகை.

ஒரே எண் உள்ள இரண்டில் தரமானதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டும் 2.5, 440 வோல்ட் என்றிருந்து ஒன்று மட்டும் வெகு சிறியதாகவும் எடையே இல்லாமலும் இருந்தால், மெல்லிய பிலிமில் சுருக்கிச் செய்திருக்கலாம். மெல்லிய பிலிம் அதே வோல்ட்டை அதே காலம் தாங்காது.

பிறகு வகுப்பைப் பாருங்கள். மோட்டார் கெபாசிட்டர்களுக்கான ஐஇசி 60252-1 என்ற சர்வதேசத் தரத்தில் எதிர்பார்க்கும் ஆயுளை எழுத்தால் குறிப்பார்கள். ஏ (A) என்றால் 30,000 மணி நேரம், பி (B) 10,000, சி (C) 3,000, டி (D) 1,000. நாள் முழுக்க ஓடும் ஃபேனுக்கு 3,000 மணி நேரம் என்பது நான்கு மாதத்துக்கும் சற்று மேல். ஆகவே பி (B) வகுப்பாவது தேடுங்கள். அதே உறையில் பி0, பி1, பி2 (P0, P1, P2) என்றோ எஸ்0 முதல் எஸ்3 (S0–S3) என்றோ இருக்கும் குறி வேறு, அது பழுதாகும்போது எவ்வளவு பாதுகாப்பாக அடங்கும் என்பதைச் சொல்வது. எண் கூடினால் பாதுகாப்பு கூடும், பி0வும் எஸ்0வும் தனிப் பாதுகாப்பு ஏதும் இல்லாதவை.

கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார்.

இரண்டு கெபாசிட்டரைச் சேர்த்துத் தேவையான அளவைக் கொண்டுவரலாமா?

கணக்குப்படி முடியும். பக்க இணைப்பில் கூடும்: 1.5ம் 1ம் சேர்ந்து 2.5. தொடர் இணைப்பில் குறையும்: இரண்டு 5 சேர்ந்து 2.5. பக்க இணைப்பில் இரண்டுமே முழு வோல்ட்டைத் தாங்க வேண்டும். ஆனால் கப்புக்குள் இடம் நெருக்கடி, கூடுதல் இணைப்புகள் தளர்ந்தால் தீப்பொறி. மேஜை மேல் சோதனைக்குச் செய்து பாருங்கள், தலைக்கு மேலே தொங்கும் ஃபேனில் ஒரே கெபாசிட்டர் இருக்கட்டும்.

எங்கள் ஃபேன் கெபாசிட்டரில் நான்கைந்து வயர் வருகிறது. அது என்ன?

சங்கிலி இழுத்து வேகம் மாற்றும் ஃபேன்களில் ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று கெபாசிட்டர் இருக்கும். 4.5, 6 என்று தனித்தனி எண் அச்சிட்டு, எந்த நிற வயருக்கு எது என்றும் படம் போட்டிருப்பார்கள். எல்லா எண்களும் ஒத்துப்போக வேண்டும். நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், எனவே பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து இணையுங்கள், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

ரெகுலேட்டருக்குள்ளும் கெபாசிட்டர் இருக்கிறதே?

ஆமாம், படிப்படியாக வேகம் மாற்றும் ரெகுலேட்டரில் ஃபேனுக்குத் தொடராகக் கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வேலை மோட்டாருக்குப் போகும் வோல்ட்டைக் குறைப்பது. ஃபுல் வேகத்தில் ஃபேன் நன்றாக ஓடி, இடையில் ஒரு படியில் மட்டும் நின்றுபோனால் கோளாறு அங்கேதான். ஃபேன் கெபாசிட்டரை மாற்ற வேண்டியதில்லை.

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்களில் இந்த வகைக் கெபாசிட்டர் கிடையாது. அங்கே மின்னணுப் பலகைதான் புலத்தைச் சுற்ற வைக்கிறது. அந்த ஃபேன் நின்றால் பலகையைப் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது ஷாக் அடிக்குமா?

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங் தவறாக இருந்து சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், ஃபேன் நின்ற பிறகும் காயில் முழுக்க மின்சாரம் நிற்கும். மெயினை அணையுங்கள், டெஸ்டரால் சரிபாருங்கள், யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

நல்ல இணைப்பில் உள்ள கெபாசிட்டர், ஃபேனை அணைத்ததும் இரண்டு காயில்கள் வழியாகவே காலியாகிவிடும். காயில் அறுந்திருந்தாலோ வயர் கழன்றிருந்தாலோ அந்த வழி அடைபட்டு, உள்ளே மின்னூட்டம் தங்கிவிடும். பழுதான ஃபேனில்தான் இந்த நிலை வரும், நீங்கள் கை வைப்பதும் பழுதான ஃபேனில்தான். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் காப்பிட்ட வயர் பற்றவைத்து, கெபாசிட்டரின் இரு முனைகளிலும் ஓரிரு நொடி வைத்தால் போதும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பலர் வழக்கம். அது பொறி பறக்க வைக்கும், உள் இணைப்பையும் கெடுக்கும். 2.5 மைக்ரோஃபாரடில் தேங்கும் மின்சாரம் பெரிதல்ல என்றாலும், ஏணியில் நிற்பவரை உதறித் தள்ள அது போதும்.

எந்த வயரை எங்கே மாட்டுவது? தலைகீழாகச் சுற்றினால்?

இரண்டு வயர் கெபாசிட்டருக்குப் பிளஸ் மைனஸ் இல்லை, மாற்றி மாட்டினாலும் ஒன்றுதான். ஆனால் மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்கள் அப்படி இல்லை. காமனுக்கும் (இரண்டு வைண்டிங்குக்கும் பொதுவான வயர்) ரன்னிங்குக்கும் மின்சாரம், ரன்னிங்குக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் இடையே கெபாசிட்டர் என்பது வழக்கமான அமைப்பு. மின்சாரத்தை ஸ்டார்ட்டிங் வயரில் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். எடுத்த படத்தைப் பார்த்து மாட்டினால் இந்தக் குழப்பமே வராது.

படம் இல்லையென்றால் ஓம் அளந்து பாருங்கள். மூன்று வயரில் எந்த இரண்டுக்கிடையே அதிக ஓமோ, அவை ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும், மிஞ்சுவது காமன். காமனிலிருந்து பெரும்பாலும் குறைந்த ஓம் காட்டுவது ரன்னிங். சில மோட்டார்களில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அப்போது ஒரு பக்கம் கொடுத்துப் பார்த்து, திசை தவறினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

நன்றாக இருந்த கெபாசிட்டர் எப்படித் தேய்கிறது?

செத்துப்போன கெபாசிட்டரை ஒரு முறை அறுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளிபோல் மின்னும் பிலிம் சுருள் சுருளாக வந்தது. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, ஊசி குத்தியது போல் பல புள்ளிகளில் ஒளி ஊடுருவியது, ஓரங்களில் பூச்சே இல்லாத திட்டுகள் இருந்தன. பிலிமில் பலவீனமான இடத்தில் மின்சாரம் துளைத்ததும், துளையைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகம் ஆவியாகி அந்த இடம் துண்டிக்கப்படுகிறது. இப்படித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வதால்தான் அது ஷார்ட் ஆகாமல் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் பூசிய பரப்பில் ஒரு பொட்டை இழக்கிறது, மைக்ரோஃபாரட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஃபேன் ஒரே நாளில் நிற்காமல் மாதக்கணக்கில் மெதுவாவது இதனால்தான்.

சூடும் ஈரமும் இதைத் துரிதப்படுத்தும். கூரையை ஒட்டிய காற்றுதான் அறையிலேயே சூடானது, அதற்குள் மூடிய கப்பில் கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது.

புதியது போட்டும் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறது. ஏன்?

வோல்ட் அளவு சரியா, டிசி வகையை மாட்டிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து வீட்டு வோல்ட்டை இரவில் அளங்கள். பலர் விளக்கணைத்துத் தூங்கும் நேரத்தில் வோல்ட் ஏறும் பகுதிகள் உண்டு, அங்கே 450 வோல்ட் வகையே நல்லது. பிறகு இணைப்புகளைப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய வயர் தளர்ந்து பொறி அடித்துக்கொண்டே இருந்தால் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு பொறியும் ஒரு அடி, கனெக்டரில் இறுக்கமாகத் திருகிவிடுங்கள். கெபாசிட்டர் மோட்டார் உடலை ஒட்டியிருந்தால், கிளிப் போட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் அளவுக்கு மீறிச் சுட்டால், காயிலில் சில சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போது மூன்றாவது கெபாசிட்டர் வாங்காமல், மோட்டாரைக் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.